குழந்தையும் தொலைக்காட்சி வன்முறையும்: பெற்றோருக்கான முழுமையான வழிகாட்டி

மூன்று வயது முதல் பன்னிரண்டு வயது வரை குழந்தைகள் இருக்கும் வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். பள்ளிப் பெற்றோர் கூட்டங்களில் இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் பலரும் ஒன்றையே சொல்கிறார்கள்: “இன்று முதல் டிவியே கிடையாது என்று சொல்லிவிட்டோம்.” சில நாட்களில் பிள்ளை பக்கத்து வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும். அடுத்த வாரம் சொந்த வீட்டு டிவியும் பழையபடி ஓடும். தடையை முதல் படியாக வைத்த வீடுகளில் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்ற வேண்டாம். எது எதற்கு முன்னால் வருகிறது, ஏன் வருகிறது என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

சண்டைக் காட்சி பார்த்த குழந்தை எல்லாம் அடிதடிக்காரன் ஆகிவிடுவதில்லை. வீட்டில் வாங்கும் அடி, பெற்றோருக்கிடையே நடக்கும் சண்டை, தெருவின் சூழல் எல்லாம் சேர்ந்துதான் ஒரு பிள்ளையின் கையை ஓங்க வைக்கின்றன. அவற்றுள் தொலைக்காட்சிதான் இந்த வாரமே நாம் மாற்றக்கூடியது. அதனால்தான் இதில் இவ்வளவு அக்கறை காட்டச் சொல்கிறேன்.

தொடங்கும் முன் தேவையானவை

ஒரு நோட்டும் பேனாவும் டிவிக்குப் பக்கத்தில் இருக்கட்டும். செட்டாப் பாக்ஸின் பூட்டுக்கான பின் (PIN) எண்ணைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள். தெரியாவிட்டால் கேபிள் ஆபரேட்டரிடம் கேளுங்கள். தேர்வோ பண்டிகையோ இல்லாத வாரங்களாகப் பார்த்துத் தொடங்குங்கள். தீபாவளி, பொங்கல் வாரத்தில் சிறப்புத் திரைப்படங்கள் வரிசைகட்டி வரும். அப்போது எடுக்கும் கணக்கு வீட்டின் உண்மையான வழக்கத்தைக் காட்டாது.

எல்லாவற்றையும்விட வீட்டிலுள்ள பெரியவர்கள் அனைவருக்கும் விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இப்போதைக்குத் தெரிந்தால் போதும். சம்மதம் வாங்குவது மூன்றாம் படியில் வரும்.

இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்கு இந்தப் படிகள் எதுவும் தேவையில்லை, திரையே வேண்டாம். இரண்டிலிருந்து நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது.

1. ஒரு வாரம் எதையும் மாற்றாமல் எழுதுங்கள்

நோட்டில் நான்கு நெடுவரிசை போதும்: நேரம், டிவியைப் போட்டது யார், என்ன ஓடியது, அப்போதும் அதற்குப் பிறகும் குழந்தை என்ன செய்தது. குழந்தை டிவியைப் பார்க்காமல் அதே அறையில் விளையாடிக்கொண்டிருந்தாலும் எழுதுங்கள். நிமிர்ந்து பார்க்காத குழந்தையின் காதிலும் அலறல் விழுகிறது.

இந்தப் படியைத் தாண்டிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். “என் பையன் கார்ட்டூன்தான் பார்க்கிறான், எங்களுக்குத் தெரியாதா” என்பார்கள். எழுதிப் பார்த்தவர்களின் நோட்டில் வேறு கதை இருக்கும். பிள்ளையின் கண்ணில் பட்ட வன்முறையில் பெரும்பகுதி இரவு உணவு நேரத்துச் செய்தியிலிருந்தும், மாலைத் தொடர்களிலிருந்தும், விளம்பர இடைவேளையில் வரும் பட முன்னோட்டங்களிலிருந்தும் வந்திருக்கும். அவற்றைப் போட்டது பெரியவர்கள்.

பொதுவான தவறு: குழந்தைக்கென்று போட்ட நிகழ்ச்சிகளை மட்டும் எழுதுவது. இன்னொரு தவறு, எழுதத் தொடங்கிய அன்றே சேனலை மாற்றத் தொடங்குவது. இந்த வாரம் முழுவதும் வழக்கம் போலவே நடக்கட்டும். இல்லாவிட்டால் எதை மாற்றுவது என்று தெரியாது.

2. எந்தக் காட்சி ஆபத்தானது என்று பிரித்துப் பாருங்கள்

பெரும்பாலான பெற்றோர் இரத்தத்தை அளவுகோலாக வைக்கிறார்கள். இரத்தம் அதிகம் என்றால் கெட்ட காட்சி, இல்லை என்றால் பரவாயில்லை. குழந்தை எதைக் கற்றுக்கொள்கிறது என்று பார்த்தால் இந்த அளவுகோல் தவறானது.

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1961-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் ஒரு சோதனை நடத்தினார். காற்றடைத்த பெரிய பொம்மை ஒன்றைப் பெரியவர் ஒருவர் அடிப்பதைக் குழந்தைகள் பார்த்தார்கள். பிறகு தனியாக விடப்பட்டபோது அதே அடியை, அதே சொற்களோடு திரும்பச் செய்தார்கள். 1963-இல் அதையே படமாகக் காட்டியபோதும், கார்ட்டூன் போன்ற வேடத்தில் காட்டியபோதும் பிள்ளைகள் அப்படியே செய்தார்கள்.

பெற்றோர் கூர்ந்து கவனிக்க வேண்டியது 1965-இல் வெளியான அடுத்த சோதனை. அடித்தவருக்குத் தண்டனை கிடைப்பதைப் பார்த்த குழந்தைகள் குறைவாகவே அடித்தார்கள். ஆனால், “பார்த்ததைச் செய்து காட்டினால் பரிசு தருகிறோம்” என்றதும் அவர்களும் மற்றவர்களைப் போலவே செய்து காட்டினார்கள். பாடம் உள்ளே போய்விட்டிருந்தது, வெளியே வர வேளை பார்த்திருந்தது. “கடைசியில் வில்லனுக்குத் தண்டனை கிடைத்துவிடுகிறதே” என்று சொல்லும் பெற்றோருக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

உங்கள் நோட்டில் இந்தக் குறிகள் உள்ள காட்சிகளுக்கு அடிக்கோடு இடுங்கள்: அடிப்பவன் பிள்ளைக்குப் பிடித்த நாயகன்; அடித்ததற்குக் கைதட்டல் கிடைக்கிறது; அடிபட்டவனுக்கு வலிக்கவே இல்லை; அடி சிரிப்புக்காக வைக்கப்பட்டது; வீட்டில் கைக்கெட்டும் பொருளே ஆயுதம். பத்துப் பேரைத் தூக்கி எறிந்துவிட்டுச் சட்டைக் கசங்கலைச் சரிசெய்துகொள்ளும் நாயகன், இருட்டில் கத்தியோடு வரும் கொலைகாரனைவிடப் பின்பற்றத் தூண்டுபவன். கொலைகாரனாக வேண்டும் என்று எந்தப் பிள்ளையும் ஆசைப்படுவதில்லை.

இருட்டுக் கொலைகாரன் தரும் கேடு வேறு, அது பயம். அதற்குத் தனிக் குறி போடுங்கள், ஏழாம் படியில் பயன்படும். முன்பு முகத்தைத் திருப்பிக்கொண்ட காட்சியைக் குழந்தை இப்போது தின்பண்டம் கொறித்தபடியே பார்க்கிறது என்றால் அது மரத்துப்போதல். பின்பற்றுதல், பயம், மரத்துப்போதல் என்ற மூன்றில் அதிகம் கவனிக்கப்படாமல் போவது இதுதான், ஏனென்றால் மரத்துப்போன குழந்தையால் வீட்டில் யாருக்கும் தொந்தரவு இல்லை.

3. பெரியவர்களின் டிவியை முதலில் சரிசெய்யுங்கள்

தடை தோற்பதற்கு முதல் காரணம் இந்தப் படியை விட்டுவிடுவது. பிள்ளையின் கார்ட்டூனை நிறுத்திவிட்டு, அதே கூடத்தில் அரிவாள் வெட்டுச் செய்தியை அப்பா பார்த்துக்கொண்டிருந்தால், ‘பெரியவனானால் இதைப் பார்க்கலாம்’ என்பதுதான் பிள்ளைக்குப் போய்ச் சேரும் செய்தி.

முதலில் செய்தி. ஒரு தெருவின் கண்காணிப்புக் கேமரா காட்சி. ஒருவர் ஓடுகிறார், பின்னால் இரண்டு பேர். ஓடுபவரைச் சுற்றிச் சிவப்பு வட்டம். அவர் விழும் இடத்தில் திரையை மங்கலாக்குகிறார்கள், பின்னணி இசை ஏறுகிறது, காட்சி தொடக்கத்துக்குத் திரும்புகிறது. செய்தி வாசிப்பவர் பேசி முடிக்கும்வரை அந்த மனிதர் மீண்டும் மீண்டும் ஓடுகிறார். ஐந்து வயதுக் குழந்தைக்கு மறுஒளிபரப்பு என்ற கணக்கு இல்லை. ஒவ்வொரு முறையும் இன்னொருவர் வெட்டப்படுகிறார் என்றே அது நினைக்கலாம். மங்கலாக்கிய பகுதியைத் தன் கற்பனையால் நிரப்பிக்கொள்ளவும் செய்யும்.

ஆகவே குழந்தை விழித்திருக்கும்போது காட்சிச் செய்தி வேண்டாம். காலையில் நாளிதழ், மாலையில் வானொலிச் செய்தி, குழந்தை தூங்கிய பிறகு டிவி என்று வைத்துக்கொள்ளுங்கள். இது கடினமான மாற்றமல்ல. நான் பார்த்தவரை அப்பாக்கள்தான் இதற்கு அதிகம் தயங்குகிறார்கள்.

அடுத்தது தொடர்கள். அறையும் காட்சியை மூன்று கோணங்களில், மெதுவாக, இடியோசையோடு காட்டுவார்கள். மருமகளுக்கு விஷம் வைக்கத் திட்டமிடுவது நாள் கணக்கில் ஓடும். இவற்றை வன்முறை என்றே வீட்டில் யாரும் நினைப்பதில்லை. குழந்தையோ பாட்டியின் மடியில் உட்கார்ந்து பார்க்கிறது. மடியின் இதமும் திரையின் வன்மமும் ஒன்றாக உள்ளே போகின்றன.

பாட்டியிடம் பேசுவதில் கவனம் தேவை. மருமகள் போய், “அத்தை, இனிமேல் தொடர் பார்க்காதீர்கள்” என்றால் அது டிவியைப் பற்றிய பேச்சாக இராது. மகன் பேசட்டும், நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசட்டும். “அம்மா, இந்த வாரம் மூன்று ராத்திரி பாப்பா அலறி எழுந்தாள். அந்த மூன்று நாளும் என்ன ஓடியது என்று பாருங்கள்.” பேத்தியின் தூக்கத்தைக் காட்டிக் கேட்டால் பெரும்பாலான பாட்டிகள் இறங்கி வருவார்கள்.

அவர்களுடைய நாளில் அந்தத் தொடருக்கு ஒரு மதிப்பு இருக்கிறது, அதைப் பறிக்காதீர்கள். பிள்ளை பள்ளியில் இருக்கும்போது வரும் மறுஒளிபரப்பையோ, கைப்பேசியில் காதொலிக் கருவியோடு பார்ப்பதையோ ஏற்பாடு செய்து கொடுங்கள். கைப்பேசியில் எப்படிப் போடுவது என்று உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதும் உங்கள் வேலைதான். அதைச் செய்யாமல் போனால் இரண்டே நாளில் டிவி திரும்ப ஓடும்.

4. மாற்றை வையுங்கள், பிறகு குறையுங்கள்

அமெரிக்காவின் சியாட்டிலில் டிமிட்ரி கிறிஸ்டாகிஸ் என்ற குழந்தை மருத்துவர் தம் குழுவோடு நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் நம்பிக்கை தந்தது. மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் உள்ள 565 குடும்பங்கள். ஒரு பாதியினரிடம் பார்க்கும் நேரத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. வன்முறை நிகழ்ச்சிகளுக்குப் பதிலாக, உதவுவதையும் விட்டுக்கொடுப்பதையும் காட்டும் நிகழ்ச்சிகளை வைக்க மட்டும் உதவினார்கள். ஆறு மாதத்தில் அந்தக் குழந்தைகளின் நடத்தை மேம்பட்டிருந்தது.

ஆகவே முதல் இரண்டு வாரம் நேரத்தைத் தொடாதீர்கள், பொருளை மாற்றுங்கள். நல்ல நிகழ்ச்சிகளை முன்கூட்டியே நீங்கள் பார்த்துப் பட்டியல் போடுங்கள். அந்தப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுப்பது பிள்ளையின் உரிமை. கைவினை, அறிவியல் சோதனை, விலங்குகள், சமையல் எதுவாகவும் இருக்கலாம். சிங்கம் மானைப் பிடிக்கும் காட்சி வருமே என்று சிலர் கேட்கிறார்கள். பசிக்காக நடப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினால் ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் புரிந்துகொள்கிறார்கள். அதைவிடச் சின்னக் குழந்தைக்கு இப்போதைக்கு வேண்டாம்.

நேரத்தைக் குறைப்பது அதற்குப் பிறகு. கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் தாமஸ் ராபின்சன் என்ற மருத்துவர் நடத்திய ஆய்வில் (2001) முதலில் பத்து நாள் டிவி, வீடியோ கேம் எதுவும் இல்லாமல் இருந்து பார்க்கச் சவால் விட்டார்கள். பிறகு வாரத்துக்கு ஏழு மணி நேரம்தான் என்று ஒரு கணக்கு கொடுத்தார்கள். அந்தப் பள்ளியில் பிள்ளைகளின் முரட்டுத்தனம் குறைந்தது. எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு இந்த வாரக் கணக்கு நன்றாகப் பொருந்துகிறது. காலண்டரில் அரை மணிக்கு ஒரு கட்டம் போட்டு, பார்த்ததும் அந்தக் கட்டத்தைப் பிள்ளையே கோடிட்டு நீக்கட்டும். ‘இன்று போதும்’ என்று தினமும் நாம் சொல்லும்போது எழும் சண்டை, கணக்கு அதன் கையில் இருக்கும்போது எழுவதில்லை.

பொதுவான தவறு: டிவி நேரத்தைப் பரிசாகவும் தண்டனையாகவும் பயன்படுத்துவது. “வீட்டுப்பாடம் முடித்தால் சண்டைப் படம்” என்றதும் சண்டைப் படத்தின் மதிப்பு ஏறிவிடுகிறது.

5. இப்போது பூட்டுப் போடுங்கள்

செட்டாப் பாக்ஸில் பெற்றோர் பூட்டு வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். படங்களும் தொடர்களும் பார்க்கும் இணையத் தளங்களில் குழந்தைக்கெனத் தனிக் கணக்கு உருவாக்குங்கள். இந்தியாவில் 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி இத்தளங்கள் யு, யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+, ஏ என்று வயது வாரியாகக் குறிக்க வேண்டும். 13+ முதல் மேலே உள்ளவற்றுக்குப் பூட்டு வசதி தர வேண்டும். வசதியைத் தருவது அவர்கள் கடமை. அதைப் போடுவது நம் கையில் இருக்கிறது, பல வீடுகளில் போடப்படுவதில்லை.

பூட்டை இந்த இடத்தில் வைப்பதற்குக் காரணம், மாற்று இல்லாத வீட்டில் பிள்ளை பூட்டைத் திறக்கக் கற்றுக்கொள்கிறது என்பதே. பின் எண்ணாகப் பிள்ளையின் பிறந்த ஆண்டை வைக்காதீர்கள். பூட்டு செய்தியையும் பட முன்னோட்டத்தையும் தடுக்காது என்பதும் நினைவிருக்கட்டும்.

6. கூட உட்கார்ந்து, அடிபட்டவரைப் பற்றிப் பேசுங்கள்

எல்லா வன்முறையையும் வடிகட்ட முடியாது. மிஞ்சுவதை என்ன செய்வது என்பதற்கு இந்தப் படி.

கூட உட்கார்ந்து பேசாமல் பார்ப்பது பயன் தராது, கெடுதலும் செய்யலாம். அப்பா பக்கத்தில் இருக்கிறார், சிரிக்கிறார், எதுவும் சொல்லவில்லை என்றால் குழந்தை அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளும். ‘ச்சீ, கெட்ட படம்’ என்று மட்டும் சொல்வதும் போதாது. நாயகனைத் திட்டினால் பிள்ளை நாயகன் பக்கம் போய்விடும்.

எமி நேதன்சன், ஜோன் கேன்டர் என்ற ஆய்வாளர்கள் 2000-இல் வெளியிட்ட ஆய்வு ஒரு எளிய வழியைக் காட்டுகிறது. கார்ட்டூன் பார்க்கும் முன், அடிபடுகிறவருக்கு எப்படி இருக்கும் என்று யோசித்தபடி பார்க்கச் சொன்னார்கள். அப்படிச் சொல்லாமல் பார்த்த சிறுவர்களிடம் கார்ட்டூன் முரட்டுத்தனத்தைத் தூண்டியது. சொல்லிப் பார்த்தவர்களிடம் தூண்டவில்லை. கேள்வியை முன்கூட்டியே கேட்டார்கள் என்பதைக் கவனியுங்கள்.

வீட்டில் இப்படி நடக்கும். நாயகன் ஒருவனைத் தள்ளுவண்டிமேல் தூக்கி எறிகிறான். பழங்கள் சிதறுகின்றன.

“கண்ணா, அந்த வண்டி யாருடையது?”

“தெரியாது. பழக்காரருடையது.”

“அவர் இப்போது என்ன செய்வார்?”

பையன் திரையை விட்டுத் திரும்புகிறான். “பழமெல்லாம் நசுங்கிவிட்டதே. காசு யார் கொடுப்பார்கள்?”

இவ்வளவுதான். பதில் சொல்ல வேண்டியதில்லை. பழக்காரரைப் பற்றி அவன் யோசித்துவிட்டால் வேலை முடிந்தது. ஒரு காட்சிக்கு ஒரு கேள்வி. அதற்கு மேல் போனால் வகுப்பு ஆகிவிடும், அடுத்த முறை உங்களை எழுந்து போகச் சொல்வான்.

ஏழெட்டு வயதுக்குட்பட்ட குழந்தையிடம் இன்னொன்றும் செய்ய வேண்டும். முதல் காட்சியில் நடந்த அடியையும் கடைசிக் காட்சியில் கிடைத்த தண்டனையையும் அது தானாக இணைக்காது. நடுவில் எத்தனையோ விளம்பரங்கள் வந்து போயிருக்கும். “முதலில் அந்த அண்ணனை அடித்தானே, அதனால்தான் இப்போது போலீஸ் பிடித்துப் போகிறது” என்று நீங்கள்தான் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

7. பயந்த குழந்தையை வயதுக்கேற்பத் தேற்றுங்கள்

இரண்டாம் படியில் தனிக் குறி போட்ட காட்சிகளுக்கானது இது. “இது வெறும் நடிப்பு, பயப்படாதே” என்பதுதான் எல்லோர் வாயிலும் முதலில் வருகிறது. பள்ளிக்குப் போகத் தொடங்காத குழந்தைக்கு இதனால் பயன் இல்லை. கண்ணுக்குக் கோரமாகத் தெரிவதுதான் அதற்குப் பயம். விளக்கம் அந்தப் பயத்தைத் தொடாது. டிவியை நிறுத்துங்கள், தூக்கி அணைத்துக்கொள்ளுங்கள், குடிக்கத் தண்ணீர் கொடுங்கள், விளக்கைப் போட்டு வேறு வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எட்டு வயதுக்கு மேல் விளக்கம் பலிக்கும். அந்த வயதில் பேயைவிடச் செய்திதான் அதிகம் பயமுறுத்தும், ஏனென்றால் நடக்கக்கூடியது எது என்று தெரிந்துவிடுகிறது. எங்கே நடந்தது, நம் வீட்டுக்கு எவ்வளவு தூரம், போலீஸ் என்ன செய்திருக்கிறது என்று உண்மையை மட்டும், கேட்ட அளவுக்கு மட்டும் சொல்லுங்கள். “அப்படியெல்லாம் எங்கும் நடக்காது” என்று பொய் சொல்லாதீர்கள். மறுநாள் பள்ளி வேனில் முழுக் கதையும் கேட்டுவிட்டு வரும், பிறகு உங்களிடம் கேட்காது.

8. அடித்துக் காட்டும் பிள்ளையிடம்

முதலில் விளையாட்டா, உண்மையான அடியா என்று பாருங்கள். இருவரும் சிரிக்கிறார்கள், வில்லனும் நாயகனும் மாறி மாறி வருகிறார்கள், ஒருவன் ‘போதும்’ என்றால் மற்றவன் நிற்கிறான் என்றால் அது விளையாட்டு. அதைத் தடுக்க வேண்டாம். எப்போதும் ஒரே பிள்ளை அடிபடுகிறது, அழுதும் நிற்கவில்லை என்றால் நீங்கள் நடுவில் போக வேண்டும்.

போகும்போது கையை ஓங்காதீர்கள். “டிவி பார்த்து அடிக்கக் கற்றுக்கொண்டாயா” என்று கேட்டபடி முதுகில் ஒன்று வைத்தால், பெரியவன் சின்னவனை அடிக்கலாம் என்ற திரையின் பாடத்தை நாமே வீட்டில் நடத்திக் காட்டுகிறோம். அடிபட்ட பிள்ளையை முதலில் கவனியுங்கள். அடித்த பிள்ளையைக் கையைப் பிடித்து உட்காரவைத்து, அந்தக் கோபத்தை வேறு எப்படிக் காட்டியிருக்கலாம் என்று ஒன்றைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள்: வாயால் சொல்வது, அம்மாவைக் கூப்பிடுவது, அந்த இடத்தை விட்டுப் போவது. சொல்லிக் கேட்டதைவிடச் செய்து பார்த்தது நிற்கும்.

9. உதவி கேட்க வேண்டிய இடங்கள்

தூக்கமின்மை, கெட்ட கனவு, தனியாகக் கழிப்பறைக்குப் போக அஞ்சுவது ஆகியவை டிவியை மாற்றிச் சில வாரங்கள் ஆன பிறகும் தொடர்ந்தால் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். விலங்குகளைத் துன்புறுத்துவது, ஆயுதத்தைக் கையிலெடுப்பது, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது ஆகியவை தெரிந்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். மனநல ஆலோசனைக்கு அரசின் டெலிமானஸ் தொலைபேசி எண் 14416, தமிழிலும் பேசலாம். குழந்தைக்கு ஆபத்து என்று தோன்றினால் குழந்தைகள் உதவி எண் 1098.

ஒளிபரப்பைப் பற்றியும் முறையிடலாம். குழந்தைகளுக்குப் பொருந்தாத நிகழ்ச்சிகளை, அவர்கள் அதிகம் பார்க்கும் நேரத்தில் ஒளிபரப்பக் கூடாது என்று 1994-ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகளில் இருக்கிறது. 2021-இல் வந்த திருத்தத்தின்படி புகாரை முதலில் சேனலுக்கே எழுத வேண்டும். அவர்கள் 15 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டாலும், பதில் திருப்தியாக இல்லாவிட்டாலும் ஒளிபரப்பாளர்களின் சுயஒழுங்குமுறை அமைப்புக்குப் போகலாம். ‘ரொம்ப மோசமான காட்சி’ என்று எழுதினால் எடுபடாது. சேனல், நிகழ்ச்சி, தேதி, மணி, நிமிடம், காட்சியில் நடந்தது ஆகியவற்றை எழுதுங்கள். முதல் படியின் நோட்டில் இவை ஏற்கெனவே இருக்கும்.

10. கோடை விடுமுறைக்குப் பின் மீண்டும் ஒரு வாரம்

ஏற்பாடு குலைவது பெரும்பாலும் மே மாதத்தில்தான். பிள்ளை தாத்தா வீட்டுக்குப் போகிறது, பெரியப்பா மகன்களோடு பகல் முழுவதும் திரை ஓடுகிறது. ஊருக்கு அனுப்பும் முன் அங்குள்ள ஒருவரிடம் இரண்டே விஷயம் கேளுங்கள்: ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் செய்தி வேண்டாம், தூங்கப் போகும் முன் பேய்ப்படம் வேண்டாம். பத்து நிபந்தனை வைத்தால் ஒன்றும் நடக்காது; இரண்டு என்றால் பெரும்பாலும் கேட்பார்கள். பள்ளி திறந்ததும் ஒரு வாரம் நோட்டு எழுதி, பழைய பக்கங்களோடு வைத்துப் பாருங்கள். வன்முறைக் காட்சிகள் கூடியிருந்தால் நான்காம் படியிலிருந்து தொடங்கலாம். மூன்றாம் படி கலைந்திருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.